கதிர்வீச்சுக்குப் பின்னும் மூடாத இரத்தக்குழாய்: மறுசிகிச்சை அவிசுவாசமா?



2019-ஆம் ஆண்டின் கடைசி இரவு. மும்பையிலுள்ள எங்கள் சபையின் ஆண்டிறுதி ஆராதனையில் ஒரு வாலிப சகோதரர் ஒலிபெருக்கியின்முன் வந்து நின்றார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, தையற்கூடம் ஒன்றில் வேலைசெய்பவர். தம் மூளையிலிருந்த இரத்தக்குழாய்ச் சிக்கல் முற்றிலும் மறைந்துபோயிற்று என்று அவர் சாட்சி சொன்னார். சபையார் கரங்களைத் தட்டிக் கர்த்தரைத் துதித்தார்கள். அவருடைய மனைவி கைக்குழந்தையோடு முன்வரிசையில் அழுதுகொண்டு நின்றார். அந்தச் சாட்சியைச் சொல்லும்படி அவரை அழைத்தவன் நான்.

அன்று அவர் கையிலிருந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மறைந்துவிட்டது என்று எழுதப்பட்டிருக்கவில்லை. சுருங்கியிருக்கிறது என்றுதான் எழுதப்பட்டிருந்தது. ஆராதனைக்கு முன்பு அவர் அதை என்னிடம் சொல்லவும் செய்தார். "ஐயா, பாதியாகக் குறைந்திருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார்" என்றார். "முழுவதும் என்று விசுவாசத்தோடே அறிக்கையிடுங்கள், தம்பி" என்றேன் நான். அந்த ஒரு வார்த்தையினால் விளைந்ததை அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயரை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

நோய் இன்னதென்று அறிவோம்

2017-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ரயில் நிலைய நடைமேடையில் நின்றுகொண்டிருந்த அவருக்குத் தலை பிளப்பதுபோன்ற வலி திடீரென்று உண்டாயிற்று. வாந்தியெடுத்து விழுந்துவிட்டார். மருத்துவமனையில் எடுத்த படத்தில் மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. பின்னர் எடுத்த ஆஞ்சியோகிராம், அதன் காரணத்தைக் காட்டியது. மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக ஏ.வி.எம். என்கிறார்கள். தமனிகளும் சிரைகளும் முறைதவறிப் பின்னிக்கொண்ட ஓர் அமைப்பு அது.

நம் ஊர் வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணித் தண்ணீர் அணைக்கட்டிலிருந்து கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து மடைக்கும், மடையிலிருந்து சிறு வாய்க்கால்களுக்கும் வந்து, வேகம் தணிந்து வயலில் பரவுகிறது. பிறகுதான் வடிகாலுக்குப் போகிறது. உடலிலும் அப்படியே. இருதயத்திலிருந்து வேகமாக வரும் இரத்தம், தமனிகளிலிருந்து மயிரினும் மெல்லிய தந்துகிகளில் பரவி, அழுத்தம் தணிந்த பின்னரே சிரைகளைச் சேர்கிறது. ஏ.வி.எம். உள்ள இடத்தில் தந்துகிகள் இல்லை. கால்வாயின் முழு வேகமும் நேரே வடிகாலில் பாய்கிறது. வடிகாலின் கரை எத்தனை நாள் தாங்கும்? இதனால்தான் இரத்தக்கசிவு ஏற்படுகிறது. சிலருக்கு வலிப்பும், சிலருக்குத் தீராத தலைவலியும் உண்டாகின்றன. பலருக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கிறது. பெரும்பாலும் இது பெற்றோரிடமிருந்து வருவதன்று. "யார் செய்த பாவம்" என்று விசாரிக்கும் உறவினர்கள் யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது நல்லது.

ஆண்டொன்றுக்கு இதில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு 100 பேரில் 2 முதல் 4 பேருக்கு என்று மதிப்பிடுகிறார்கள். சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் முப்பது வயதுள்ள ஒருவருக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் உண்டு என்று கணக்கிட்டால் அது சிறியதன்று. ஒருமுறை கசிந்தவர்களுக்கு, அடுத்து வரும் மாதங்களில் அபாயம் இன்னும் அதிகம்.

நம் சகோதரருடைய சிக்கல் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் அளவுள்ளது. பேச்சையும் வலதுகையின் அசைவையும் ஆளும் பகுதியை ஒட்டியிருந்தது. மண்டையைத் திறந்து அதை அகற்றினால் பேச்சை இழக்க நேரிடலாம். ஆகவே 2018-இல் காமா நைஃப் என்னும் கதிர் அறுவைச் சிகிச்சை அளிக்கப்பட்டது.

கத்தியில்லாத கத்தி

காமா நைஃப் என்ற பெயரில் கத்தி இருக்கிறதேயன்றிச் சிகிச்சையில் கத்தி இல்லை. ஸ்வீடன் தேசத்து நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-இல் முன்வைத்த யோசனை இது. அதற்கான முதல் கருவி 1968-இல் ஸ்டாக்ஹோமில் பயன்பாட்டுக்கு வந்தது. 1970-ஆம் ஆண்டிலேயே இந்த இரத்தக்குழாய்க் கோளாறுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். நம் தேசத்தில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1997 முதல் இச்சிகிச்சை உண்டு. கோபால்ட்-60 என்ற பொருளிலிருந்து வரும் ஏறக்குறைய 200 மெல்லிய காமாக் கதிர்களை ஒரே புள்ளியில் கூடும்படி செலுத்துகிறார்கள். ஒவ்வொரு கதிரும் தன் வழியிலுள்ள மூளைக்குப் பெருந்தீங்கு செய்யாத அளவு மெலிந்தது. எல்லாம் கூடும் இடத்தில் மட்டுமே அதன் வலிமை தெரியும்.

இங்கே அநேகர் தவறாகப் புரிந்துகொள்ளும் காரியம் ஒன்று உண்டு. சிகிச்சை ஒரே நாளில் முடிந்து, நோயாளி மறுநாளே வீட்டுக்கு நடந்து வந்துவிடுகிறார். ஆனால் இரத்தக்குழாய் அன்று மூடுவதில்லை. கதிர் பட்ட குழாயின் உட்சுவர் மெதுவாகத் தடித்து, துவாரம் குறுகி, கடைசியில் அடைபடுகிறது. இதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சிலருக்கு நான்கைந்தும் ஆகின்றன. முற்றிலும் அடைபடும்வரை இரத்தக்கசிவின் அபாயம் நீங்குவதில்லை. பாதி சுருங்கிய சிக்கல் பாதி பாதுகாப்பைத் தரும் என்று நினைப்பது தவறு. மூடியதா இல்லையா என்பதை எம்.ஆர்.ஐ. ஓரளவு காட்டும், உறுதிசெய்வது ஆஞ்சியோகிராமே.

சிறிய சிக்கல்களில் பத்தில் ஏழு, எட்டு பேருக்கு முதல் சிகிச்சையிலேயே மூடிவிடுகிறது. பெரியவற்றில் இந்த எண் குறைகிறது. எஞ்சியவர்களைப்பற்றி நம் சாட்சி மேடைகளில் யாரும் பேசுவதில்லை.

ஐந்து மாத மௌனம்

2020-இல் ஊரடங்கு வந்தது. வேலை நின்றுபோகவே, அந்தக் குடும்பம் ஊருக்குப் போய் மறு ஆண்டுதான் திரும்பிற்று. மூன்றாம் ஆண்டில் எடுக்கவேண்டிய ஆஞ்சியோகிராமை அவர் எடுக்கவில்லை. ஊரடங்கு மட்டும் அதற்குக் காரணமன்று. "சாட்சி சொல்லியாயிற்று, ஐயா. மறுபடியும் படம் எடுத்தால் கர்த்தரைச் சந்தேகிப்பதுபோல் ஆகாதா என்று எண்ணினேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

2022 டிசம்பரில், தையல் இயந்திரத்தின்முன் இருக்கையில் வலதுகை தானாகத் துடித்து, வலிப்பு வந்தது. அப்போது எடுத்த எம்.ஆர்.ஐ.யில், சிக்கலின் ஒரு பகுதி இரத்த ஓட்டத்தோடு அப்படியே இருந்தது. அந்த அறிக்கையை ஐந்து மாதங்கள் அவர் ஒருவருக்கும் காட்டவில்லை. வேதாகமத்தின் ஜிப் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். ஞாயிறுதோறும் அதைக் கையிலேந்தியே ஆலயத்துக்கு வந்திருக்கிறார். நானும் ஞாயிறுதோறும் அவரோடு கைகுலுக்கியிருக்கிறேன்.

அவருடைய மனைவிதான் அதைக் கண்டெடுத்து என்னிடம் கொண்டுவந்தார். "ரெசிடியுவல் என்றால் என்ன, ஐயா? நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?" என்று கேட்டார். மீந்திருப்பது என்று சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் அன்றைக்குச் சொன்ன சாட்சி?" என்று கேட்டார். என்னிடம் பதிலில்லை.

ஏன் மூடாமற்போனது?

மறுவாரம் அவர்களோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். நான் முதலாவது கேட்ட கேள்வி, முதற்சிகிச்சையில் யார் தவறு செய்தது என்பதே. மருத்துவர் பொறுமையாக ஒரு உறையின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கினார். 2017-இல் கசிந்து உறைந்த இரத்தம், சிக்கலின் ஓர் ஓரத்தை அழுத்தி மறைத்திருந்தது. திட்டமிட்டபோது அந்த ஓரம் படத்தில் தெரியவில்லை. ஆகவே கதிரின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. உறைந்த இரத்தம் கரைந்தபின் அது விரிந்து, தன்னைக் காட்டியது.

வேறு காரணங்களும் உண்டு. சிக்கல் பெரியதாகவோ, முக்கியமான பகுதிக்கு அருகிலோ இருந்தால் கதிரின் அளவைக் குறைத்தே கொடுக்கவேண்டியிருக்கும். குறைந்த அளவில் சில குழாய்கள் மூடுவதில்லை. முன்பே பசைபோன்ற மருந்தைச் செலுத்தி அடைத்த பகுதி பிற்பாடு திறந்துகொள்வதும் உண்டு. நெருக்கமாயிராமல் மூளைத்திசுவுக்குள் பரவிக் கிடக்கும் சிக்கல்களின் எல்லையை வரைவதே கடினம். எல்லாம் சரியாக நடந்தும் மூடாத குழாய்கள் சில உண்டு. இந்தக் காரணங்களில் ஒன்றாகிலும் நோயாளியின் விசுவாசத்தை அளக்கும் கோல் அன்று.

எஞ்சியதை என்ன செய்வது?

முதலாவது கேள்வி, உண்மையிலேயே தோல்வியா, தாமதமா என்பது. மூன்று ஆண்டுகள் ஆகியும் மூடாவிட்டாலும், படத்துக்குப் படம் சுருங்கிக்கொண்டே வந்தால் இன்னும் சிறிது காலம் காத்திருக்கலாம். மாற்றமே இல்லாமல் நின்றுவிட்டால் காத்திருப்பதில் பயனில்லை. அபாயம் மட்டும் ஆண்டுதோறும் தொடரும். நம் சகோதரருக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களிலும் மாற்றமில்லை.

இரண்டாம் முறை கதிர் அறுவை செய்வது ஒரு வழி. இவ்வாறு செய்யப்பட்டவர்களைப்பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பத்தில் ஏறக்குறைய ஆறு பேருக்கு மூடுகிறது. மீதியிருப்பது முன்னைவிடச் சிறியதாயிருப்பது இதற்கு உதவி. ஆனால் அதே இடத்தின் அருகில் மறுபடியும் கதிர் படுவதால், சுற்றியுள்ள மூளையில் வீக்கம் உண்டாகலாம். இது பெரும்பாலும் ஆறு முதல் பதினெட்டு மாதங்களுக்குள் வரும். பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே அதனால் துன்பப்படுகிறார்கள். அநேகருக்கு ஸ்டீராய்டு மாத்திரைகளால் குறைந்துவிடும். சிலருக்குக் குறை தங்கிவிடுகிறது என்பதையும் மறைக்கலாகாது. மூடும்வரை மறுபடியும் இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும்.

மற்றொன்று, மண்டையைத் திறந்து செய்யும் அறுவை. முதலில் கூடாதென்ற அறுவை இப்போது எப்படிக் கூடும் என்று கேட்கத் தோன்றும். கதிர்வீச்சு தோற்றுப்போனதாகத் தோன்றினாலும் அதன் வேலை வீணாய்ப்போவதில்லை. சிக்கலின் ஒரு பகுதி அடைபட்டு, இரத்த ஓட்டம் தணிந்து, அகற்றுவது எளிதாகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1996-இல் இந்த அனுபவத்தை எழுதி வெளியிட்டார்கள். பின்னர் வேறு மையங்களிலும் அப்படியே கண்டார்கள். அறுவையின் பெரும்பயன், உடனே முடிந்துவிடுவது. காத்திருக்கும் காலம் இல்லை. எத்தனை ஆபத்தானது என்பதை அளக்க, 1986-இல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்னும் இருவர் வகுத்த ஐந்து படிநிலைகளை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். சிக்கலின் அளவு, அது இருக்கும் இடம், இரத்தம் வடியும் சிரை ஆழத்திலா மேற்பரப்பிலா என்ற மூன்றையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். உங்கள் படிநிலை என்ன என்று மருத்துவரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளையின் இரத்தக்குழாய்வரை கொண்டுபோய், பசை அல்லது ஆனிக்ஸ் போன்ற மருந்தால் அடைப்பது மூன்றாவது வழி. இது தனியாகவே நோயை முடித்துவிடுவது சிலருக்குத்தான். பெரும்பாலும் அறுவைக்கு முன் இரத்தப்போக்கைக் குறைப்பதற்குத் துணையாகச் செய்யப்படுகிறது.

ஒன்றும் செய்யாமல் கண்காணிப்பதும் ஒரு தீர்மானமே. ஒருபோதும் கசியாத சிக்கல்களைப்பற்றி நடந்த அரூபா என்னும் பெரிய ஆய்வு 2014-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. சராசரியாக 33 மாதங்கள் கவனித்ததில், சிகிச்சை பெற்றவர்களைவிட மருந்தோடுமட்டும் இருந்தவர்களுக்கே மரணமும் பக்கவாதமும் குறைவாயிருந்தன. அந்தக் காலம் போதாது என்று மறுப்பவர்கள் உண்டு, விவாதம் ஓயவில்லை. வயது முதிர்ந்தவர்களுக்கு இது முக்கியமான செய்தி. முன்பே கசிந்த நம் சகோதரரைப் போன்றவர்களுக்கு அந்த ஆய்வு பொருந்தாது.

அவருக்கு அறுவை இன்னும் பேச்சுக்கு ஆபத்தாயிருந்தபடியால், மருத்துவர்கள் கூடி ஆலோசித்து இரண்டாம் கதிர் அறுவையைத் தெரிந்துகொண்டார்கள். 2024 பிப்ரவரியில் அது நடந்தது.

பெத்சாயிதாவில் நடந்தது

அதற்கு முந்தின இரவு அவர் வீட்டில் ஜெபிக்கப் போயிருந்தேன். "ஐயா, இரண்டாந்தரம் போவது, முதல் தரம் கர்த்தர் செய்ததை அற்பமாக எண்ணுவதா?" என்று கேட்டார். மாற்கு எட்டாம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னேன். பலமுறை பிரசங்கித்த பகுதி அது. இயேசு அந்தக் குருடனைத் தொட்டபின், ஏதாகிலும் தெரிகிறதா என்று கேட்டார். அவன், மனிதர் நடமாடும் மரங்களைப்போல் தெரிகிறார்கள் என்றான். பிறகு ஆண்டவர் மறுபடியும் தொட்டார். இரண்டாவது தொடுதலைப்பற்றி நான் அநேகமுறை பேசியிருக்கிறேன். இடையிலே இருக்கும் அந்தக் கேள்வியையும் பதிலையும் அந்த இரவில்தான் நின்று பார்த்தேன். அவன் பாதிதான் தெரிகிறது என்றான். யாரும் அவனை முழுவதும் தெரிகிறதென்று சொல்லும்படி வற்புறுத்தவில்லை. நான் வற்புறுத்தினேன். அந்தச் சிறிய அறையில், அவர் மனைவியின் முன்பாகவே, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கள் ஐயா, நானும் சொல்ல ஆசைப்பட்டுத்தானே சொன்னேன்" என்றார்.

எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் வாக்களிக்கப்பட்ட பின்பும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைக்கச் சொன்னான். அதை அவிசுவாசமென்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

வீடு மாறிக்கொண்டேயிருக்கும் நாம் எத்தனையோ காகிதங்களை மழையில் இழக்கிறோம். முதற்சிகிச்சையின் ஆஞ்சியோகிராம் குறுந்தகடு, கதிரின் அளவும் இலக்கும் குறித்த அறிக்கை ஆகிய இரண்டும் மறுசிகிச்சைக்கு மிகவும் தேவை. பிளாஸ்டிக் உறையிலிட்டு, பிரதியொன்றை ஊரிலும் வைத்திருங்கள். செலவுக்கு வட்டிக்குக் கடன் வாங்குமுன், மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில் ரேஷன் அட்டையோடு போய் விசாரியுங்கள்.

வலிப்பு மாத்திரை உண்பவர்கள் உபவாச நாளிலும் அதைத் தவறவிடலாகாது. திடீரென்று நிறுத்தினாலே வலிப்பு வரும். தூக்கமின்மையும் வலிப்பைத் தூண்டும். ஆகவே முழு இரவு ஜெபத்துக்கு அவர்களை வற்புறுத்தாதிருங்கள்; பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மேடையில் நின்று மாத்திரையைத் தூக்கியெறியச் சொல்லும் ஊழியர்கள், மறுநாள் மருத்துவமனை வாசலில் வந்து நிற்பதை நான் கண்டதில்லை.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்கவேண்டாம், சாவிக்கொத்தும் வேண்டாம். பிசாசென்று கூவி அவரை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தாலும், திடீரென்று கொடிய தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், ஒருபக்கப் பலவீனம் கண்டாலும், 108-ஐ அழையுங்கள். ஜெபத்தை வண்டிக்குள்ளும் செய்யலாம். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் சகோதரிகளுக்கு இந்நோய் இருந்தால், குழாய் மூடுமுன் கருத்தரிப்பதைப்பற்றி மருத்துவரோடு முன்கூட்டியே பேசவேண்டும்.

இன்னும் முடியாத சாட்சி

இரண்டாம் சிகிச்சைக்கு ஓராண்டுக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மீந்திருந்த பகுதி குறைந்திருந்தது. அடுத்த ஞாயிறு சாட்சி வேளையில் அவரே எழுந்தார். நான் அழைக்கவில்லை. "குறைந்திருக்கிறது. மூடவில்லை. 2019-இலும் இப்படித்தான் இருந்தது, நான் மூடிவிட்டதென்று சொல்லிவிட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். சபையில் சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. பின்பு பின்வரிசையிலிருந்த ஒரு வயதான தாயார் "ஸ்தோத்திரம்" என்றார். ஆராதனை முடிந்ததும் வேறொரு சகோதரி என்னிடம் வந்து, தம் மகளுக்குச் சர்க்கரை வியாதி குணமானதென்று சாட்சி சொன்னபின்பு ஊசி போடுவதை மறைத்துச் செய்வதாகச் சொல்லி அழுதார். அவர்களோடு அன்று மாலையே மருத்துவரிடம் போனோம்.

நம் சகோதரருக்கு 2027-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆஞ்சியோகிராம் எடுக்கப்படவேண்டும். குழாய் மூடியிருக்கலாம், மூடாதிருக்கவும் கூடும். அவருக்காகவும், அவர் மனைவிக்காகவும், இப்போது பள்ளிக்குப் போகும் அவர்களுடைய பிள்ளைக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். முடிவு எதுவாயிருந்தாலும், அறிக்கையில் உள்ளதை உள்ளபடியே சபையில் வாசிப்பதென்று அவரும் நானும் பேசிவைத்திருக்கிறோம்.